மண் காக்கும் புதையல்

புதையலைப் பூதம் காக்கும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வதுண்டு. நள்ளிரவில் பூசை செய்து, பலி கொடுத்துப் பூதத்தை விலக்கினாலன்றிக் குடம் கைக்கு எட்டாது என்பது அக்கதையின் சாரம். அந்த நம்பிக்கை இன்றும் அற்றுப்போகவில்லை. மந்திரவாதியோடு மின்கலத்தால் இயங்கும் கருவியொன்றும் இப்போது சேர்ந்துகொண்டது, அவ்வளவே வேறுபாடு. உலோகங்காட்டி என்பது அதன் பெயர்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமப் பக்கம் போனவர்கள் அந்நிலத்தின் அமைப்பை அறிவார்கள். தெற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடகிழக்கே 1984 இல் பிரகடனஞ் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசிய பூங்கா. மகாவலி கங்கையும் அம்பன் கங்கையும் இருபுறமும் அணைந்தோடும் அப்பூங்காவில் யானைகள் மட்டுமல்ல, இடிந்த தூபிகளும் பழங்குளங்களும் உண்டு. அங்குள்ள யுதகனாபிட்டிய என்னும் இடம் எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத களம் என்பது ஐதிகம். இத்தகைய காட்டில் ஒருவன் மண்வெட்டியுடன் நுழைந்தால் அவன் நோக்கம் யாதென்று சொல்லவும் வேண்டுமோ?

சட்டம் இதில் மிகத் தெளிவானது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டெடுக்கப்படாமல் மண்ணுள் கிடக்கும் தொல்பொருள் அனைத்தும் அரசுக்கே உரியவை. உரிய அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றம். சொந்தக் காணியாயினும் அதுவே விதி. “எங்கள் வளவில் நாங்கள் தோண்டினால் யாருக்கு என்ன?” என்று கேட்போரை நாமும் கண்டிருக்கிறோம். அவ்வினாவுக்கு விடை காணுமுன், அக்கருவி செய்வது யாது, செய்யாதது யாது என்பதை அறிதல் நலம்.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ ஒரு காந்தப்புலம் தோன்றும். அப்புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அம்மாற்றத்தை உணர்ந்து கருவி ஒலி எழுப்பும். 1881 இல் குண்டடிபட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டைத் தேடுவதற்கு, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். ஆயினும் வெற்றி கிட்டவில்லை. இரண்டாம் உலகப்போரில் அது கண்ணிவெடி தேடும் கருவியாயிற்று. நம் வன்னி மண்ணிலும் கண்ணிவெடிகளை அகற்றி மக்களை மீளக் குடியமர்த்த உதவியது இக்கருவியே. எனவே கருவி குற்றமுடையதன்று.

ஆனால் நாணயமளவான பொருளாயின் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால்தான் சாதாரணக் கருவி உணரும். அது தங்கக்காசோ, சோடாப்போத்தல் மூடியோ என்பதையும் உறுதியாகச் சொல்லாது. மட்பாண்டம், எலும்பு, கல்மணி ஆகியவற்றைக் கண்டால் அதற்கு வாயே இல்லை.

இதே மாவட்டத்தில் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவ என்னும் இடத்தில் பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அங்கே பொறுமையுடன் மண்ணை அகழ்ந்து, கற்பலகைகளால் அமைந்த கல்லறைகளையும் தாழிகளையும் செந்நிறக் கல்மணிகளையும் கண்டனர். அம்மணிக்கல் இலங்கையில் விளைவதன்று. கடல் கடந்து வந்தது. ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட உறவை ஒரு சிறு மணி நமக்குச் சொல்கிறது. எந்தத் தாழியில், எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்று எழுதிவைத்ததனாலன்றோ அது பேசிற்று! இரவோடிரவாகக் குழி தோண்டுபவன் பானையை உடைத்து, மணியை வீசிவிட்டுப் பொன்னைத் தேடுகிறான். கிழித்தெறிந்த ஏட்டை ஒட்டலாம். கலைத்துவிட்ட மண்ணடுக்கை ஒட்ட முடியாது.

காக்கும் முறைக்கும் இம்மாவட்டமே சான்று. பல்லவர் கலைச்சாயல் கொண்ட நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்க நேர்ந்தபோது, அதனைக் கல்கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் நிறுத்தினார்கள். பிற்காலத்தில் மொறகஹகந்த–களுகங்கைத் திட்டத்துக்காகப் பழைய பல்லேகம நகரமே இடம்பெயர்ந்து, புதிய லக்கல நகரம் எழுந்தது. ஊரையே இழந்தவர்க்குத்தான் மண்ணின் அருமை தெரியும்.

இங்கிலாந்தில் 2009 இல் ஸ்டாபர்ட்சயர் வயலொன்றில், நிலவுடைமையாளரின் அனுமதியுடன் உலோகங்காட்டியால் தேடிய ஒருவர் பெரும் பொற்குவை கண்டார். அதனை ஒளிக்காமல் அதிகாரிகளுக்கு அறிவித்தார். அதன் பெறுமதியாகிய 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண் அவருக்கும் நிலவுடைமையாளருக்கும் பகிரப்பட்டது. பொருளோ அருங்காட்சியகம் சேர்ந்தது. அங்கே சட்டம் வேறு. அனுமதி பெறுதலும் உடனே அறிவித்தலும் எங்கும் பொது அறம்.

மாணவர்களே! சுற்றுலாவின்போதோ வயல்வெளியிலோ பழங்காசோ எழுத்துப் பொறித்த கல்லோ கண்ணிற் பட்டால் தோண்டாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி, கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம் அல்லது தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

பூதம் காக்கும் என்று நம்பிய காலத்தில் அச்சமாவது புதையலைக் காத்தது. பூதத்தை நம்பாத நாம் இனி அறிவைக்கொண்டுதான் அதனைக் காக்க வேண்டும்.