தாடை தேறும் ஆறு வாரங்கள்

தாடைச் சீரமைப்பு அறுவை முடிந்து மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வீடு திரும்பும் ஒருவருக்கு, முதல் ஆறு வாரங்கள் தோசைக்கு விடை கொடுக்கும் காலம். தொற்றுக்கு இடந்தராமல் அக்காலத்தைக் கடப்பது எப்படி எனப் பார்ப்போம்.

ஜூரிச் நகர மருத்துவர் ஹியூகோ ஓப்வெகேசர் 1950-களில் வகுத்த முறையில், கீழ்த்தாடை எலும்பை வாய்க்குள்ளிருந்தே பிளந்து நகர்த்துகின்றனர். இன்று அதனை டைட்டானியத் தகடுகளால் பொருத்துகின்றனர். முகத்தில் பெரிய வடு இராது. ஆனால் காயம், கிருமிகள் இயல்பாக வாழும் வாய்க்குள் இருக்கிறது. ஆகவே வீட்டாரின் பொறுப்பு பெரிது.

உண்ட பின் ஒவ்வொரு முறையும், மருத்துவர் கூறியபடி, வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்க வேண்டும். தாராவி போன்று குழாய்நீர் சில மணி நேரமே வரும் இடங்களில், கொதித்து ஆறிய நீரை இதற்கெனத் தனியே மூடி வைக்கலாம். கேழ்வரகுக் கூழ், பருப்புநீர், வடிகட்டிய ரசம், மோர் ஆகியவை மெல்லாமலே ஊட்டம் தருவன. புகையும் புகையிலையும் அறவே ஆகா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

வீக்கம் இரண்டு, மூன்று நாள்களில் உச்சமடைந்து பின் வடியும். வடிந்தது மீண்டும் ஏறினாலோ, காய்ச்சலோ சீழோ கண்டாலோ தாமதியாமல் மருத்துவரிடம் செல்க. மூச்சுத்திணறல் எனில் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரைக.

செலவைக் குறித்தும் ஒரு சொல்: அழகுக்கான அறுவையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. மெல்லவும் மூச்சுவிடவும் தேவையான சிகிச்சை என்னும் மருத்துவர் சான்றுடன், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே கேட்டுப் பெறுதல் நலம்.

பொறுமையாய் இருந்தால், மருத்துவர் இசையும் நாளில் மொறுமொறுப்பான தோசையை மீண்டும் மென்று மகிழலாம்.