காலில் தறி வைத்திருக்கும் ஈ

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். பூவில் ஓர் ஈ. கொசுவைப் போல நீண்ட மூக்கு. "எம்பிஸ் டெசெல்லேட்டா என்று கைப்பேசிச் செயலி அடித்துச் சொல்கிறது. நம்பலாமா?"

நடன ஈ என்பது வரை நம்பலாம். சின்ன உருண்டைத் தலை, கூன் விழுந்த முதுகு, கீழ்நோக்கி நீண்ட உறிஞ்சி எல்லாம் பொருந்துகின்றன. அதற்குள் எந்தப் பேரினம், எந்த இனம் என்பது வேறு விஷயம். இறக்கை நுனியை நோக்கி ஓடும் ஒரு நரம்பு கடைசியில் கவையாகப் பிரிந்தால் எம்பிஸ். பிரியாமல் ஓடினால் பெரும்பாலும் ராம்போமையா. வாசகரின் படத்திலோ இறக்கை மங்கிக் கிடக்கிறது. செயலி மட்டும் எதைப் பார்த்தது?

வரலாறு கேட்பவர்களுக்கு: எம்பிஸ் லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். ராம்போமையாவும், இன்னொரு நடன ஈப் பேரினமான ஹிலாராவும் 1822-இல் பூச்சியியலாளர் மைகன் வைத்த பெயர்கள். போதும்.

எனக்குப் பிடித்தது ஹிலாரா. உறிஞ்சி குட்டை, நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறக்கும். ஆணின் முன்னங்காலைப் பாருங்கள். பாதத்தின் முதல் கணு மட்டும் பலூன் போல உப்பியிருக்கும். அது வீக்கமல்ல, பட்டு ஆலை. பட்டுப்புழு வாயால் நூற்கிறது, சிலந்தி வயிற்று நுனியால், இது காலால். உள்ளே சுரப்பிகள், வெளியே அந்தப் பட்டை விடும் நுண்முடிகள். பிடித்த சிறு பூச்சியைப் பட்டில் சுற்றிப் பெண்ணிடம் நீட்டும். அவள் தின்று முடிப்பதற்குள் கலவி நடந்துவிடும்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய்க் கவர் வைப்பதுபோலத்தான். ஒரே வித்தியாசம், இங்கே விருந்தாளியின் செருப்புக்குள்ளேயே கவர் செய்யும் கடை இருக்கிறது. பணமே வைக்காத கவர்களும் உண்டு: சில ஆண்கள் பூவிதழ்த் துணுக்கைச் சுற்றித் தருகின்றன. ஹிலாரா சார்டோர் உள்ளே ஒன்றுமே வைக்காமல் வெறும் பட்டுப் பந்தைத் தருகிறது. சார்டோர் என்றால் லத்தீனில் தையல்காரர். மொய் நோட்டில் இவர் பேருக்கு நேரே பூஜ்யம்தான். பந்தியில் இடம் மட்டும் உறுதி.

இதைக் 'காதல் பரிசு' என்று உருகி எழுதும் தலைப்புகளைப் பார்த்தால் அந்த வெறும் கவர்தான் நினைவுக்கு வருகிறது. அடையாளம் காண்பதில் இன்னொரு சிக்கல்: பெண் ஹிலாராவுக்கு அந்த உப்பிய கணு கிடையாது. ஆணிலும் பல இனங்களை உறுதி செய்ய வயிற்று நுனியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை ஒரே படத்தோடு நிறுத்த வேண்டாம். பக்கவாட்டில் ஒன்று, விரிந்த இறக்கை ஒன்று, முன்னங்கால் ஒன்று அனுப்புங்கள். அதுவரை உங்கள் ஈக்கு நடன ஈ என்ற பெயரே போதும்.