தன்விவரக் குறிப்பு எழுதுவது எப்படி?
(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் கட்டுரை)

முன்னுரை

கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் புகழ் பெற்றது நமது காஞ்சி மாநகரம். அதிகாலையில் நம் தெருமுனைகளில் வந்து நிற்கும் நிறுவனப் பேருந்துகளைப் பார்த்தால், மூன்றாவதாக ஒரு பெயரும் சூட்டலாம் போலத் தோன்றுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கும் சென்னையின் கணினி நிறுவனங்களுக்கும் நம் வீட்டு அண்ணன்மாரும் அக்காமாரும் நாள்தோறும் சென்று வருகின்றனர். நாமும் இன்னும் சில ஆண்டுகளில் அவ்வாறு செல்ல வேண்டியவர்களே. அந்த வேலைகளின் வாசலில் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது ஒரு தாள். அதுவே தன்விவரக் குறிப்பு. அதனை, குறிப்பாகத் திட்ட மேலாளர் பணிக்கு, நன்றாக எழுதுவது எப்படி என்பதையும், செயற்கை நுண்ணறிவின் துணையை அதில் எவ்வளவு கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

திட்ட மேலாளர் என்பவர் யார்?

பெயர் புதிதாக இருக்கலாம். வேலை நமக்குப் புதிதன்று. ஒரு முகூர்த்தப் பட்டுச் சேலை உருவாவதை எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வர வேண்டும். சூரத்திலிருந்து ஜரிகை வர வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு தயாராக வேண்டும். கோர்வைச் சேலை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்க வேண்டும். அதற்குத் தறியில் இன்னொருவரின் துணையும் வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சாயம் ஏற்றிய நூல் காயாது. குழித்தறியில் தண்ணீர் ஊறும். ஆனால் முகூர்த்த நாள் தள்ளிப்போகாது!

இத்தனையையும் கணக்கிட்டு, ஆட்களைச் சேர்த்து, செலவு மிஞ்சாமல், சொன்ன நாளில் சேலையை ஒப்படைப்பவர் யாரோ அவரே திட்ட மேலாளர். மேம்பாலம் கட்டினாலும், மருத்துவமனைக்குக் கணினி நிரல் எழுதினாலும் இதே வேலைதான். காலம், செலவு, தரம் என்ற மூன்றையும் ஒருசேரக் காப்பதே அவர் கடமை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தகுதிப் பட்டியல்

ஒரு பொறுப்புக்கு வருபவரின் தகுதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் வழக்கம் மேல்நாட்டிலிருந்துதான் வந்தது என்று நாம் நினைக்கிறோம். நம் மாவட்டத்து உத்திரமேரூருக்குச் சென்றால் அந்த எண்ணம் மாறிவிடும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன.

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். கல்வியும் காரியத் திறமையும் நல்லொழுக்கமும் வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்த விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படமாட்டா.

அந்தப் பட்டியல் நிலம் உடையவரையும் வேதம் கற்றவரையும் மட்டுமே கண்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. தறியில் அமர்ந்தவருக்கும் நம் போன்ற பெண்களுக்கும் அதில் இடம் இல்லை. இன்று இடம் உண்டு. ஆயினும் "கணக்குக் காட்டியவரா?" என்ற கேள்வி மட்டும் இன்றும் மாறவில்லை. நல்ல தன்விவரக் குறிப்பு என்பது ஒருவகையில் தன் உழைப்புக்குத் தானே காட்டும் கணக்குத்தான்.

மேல்நாட்டிலும் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஓவிய மேதை லியொனார்டோ டா வின்சி, ஏறத்தாழ 1482இல், மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். உலகமே போற்றும் ஓவியரான அவர் அதில் ஓவியத்தைக் கடைசியிலேதான் குறிப்பிட்டார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், மூடிய போர் வண்டிகள் ஆகியவற்றைச் செய்யத் தெரியும் என்றே முதலில் எழுதினார். போர் மிகுந்த அக்காலத்தில் மன்னருக்கு எது தேவை என்று அவர் அறிந்திருந்தார். நமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டாமல், கேட்பவருக்கு வேண்டியதை முன்னே வைப்பதே இதில் உள்ள பாடம்.

எழுதும் முறை

திருமணத்துக்குக் கொடுக்கும் குறிப்பு வேறு. வேலைக்குக் கொடுக்கும் குறிப்பு வேறு. தந்தை பெயர், சாதி, மதம், திருமண விவரம் ஆகியவை திட்ட மேலாளர் வேலைக்குத் தேவையில்லை. பெயர், தொடர்பு கொள்ளும் வழி, மூன்று நான்கு வரிகளில் ஒரு சுருக்கம், பின்பு அனுபவம், கல்வி, சான்றிதழ்கள் என்ற வரிசை போதும். அண்மையில் செய்த வேலையை முதலிலும் பழைய வேலையைப் பின்னரும் எழுத வேண்டும். இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் இருப்பது நலம்.

அனுபவம் என்ற பகுதிதான் இதற்கு உயிர். "கடினமாக உழைப்பவன்", "தலைமைப் பண்பு உடையவள்" என்ற சொற்களை யாரும் எழுதலாம். செயலே சாட்சி சொல்ல வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. 1964 டிசம்பர் மாதப் புயலில் பழைய பாம்பன் ரயில் பாலம் பெரும் சேதம் அடைந்தது. அதைச் சீரமைக்க ரயில்வே நிர்வாகம் ஆறு மாதம் குறித்தது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் அப்பணிக்குப் பொறுப்பேற்று 46 நாட்களில் முடித்துக் கொடுத்தார். "திறமையான பொறியாளர்" என்று பத்து முறை எழுதினாலும் இந்த ஒரு செய்திக்கு ஈடாகுமா? என்ன இடர் வந்தது, என்ன பொறுப்பு ஏற்றார், என்ன செய்தார், என்ன பயன் விளைந்தது என்ற நான்கும் இதில் அடங்கிவிட்டன. ஒவ்வொரு வரியையும் இந்த நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் அறிய வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நாம் அனுப்பும் தாளை மனிதர் படிக்கும் முன்பே ஒரு கணினி மென்பொருள் படித்து வகைப்படுத்துகிறது. ஆகையால் படங்கள், கட்டங்கள், அலங்கார எழுத்துகள் வேண்டா. வேலை விளம்பரத்தில் "செலவுத் திட்டம்", "கால அட்டவணை" என்ற சொற்கள் இருந்து, அந்த வேலையை நாமும் செய்திருந்தால் அதே சொற்களால் எழுத வேண்டும். செய்யாவிட்டால் எழுதக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு என்னும் உதவியாளர்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன்பின் ஜெமினி, கோபைலட் போன்றவையும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. இவை ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தி வரும் என்று கணித்து எழுதுகின்றன. அதனால் அவற்றின் நடை வழவழப்பாக இருக்கும். நம் வாழ்க்கையில் நடந்தது எது, நடக்காதது எது என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் அவற்றை நன்றாகப் பயன்படுத்தலாம்.

எங்கள் தெருவில் வணிகவியல் பட்டம் பெற்ற ஓர் அக்கா இருக்கிறார். தந்தைக்கு உடல்நலம் குன்றியதால் ஆறு ஆண்டுகள் வீட்டுத் தறித்தொழிலை அவரே நடத்தினார். எட்டுத் தறிகளுக்கு நூலும் ஜரிகையும் பிரித்துக் கொடுப்பது, கூலிக் கணக்கு எழுதுவது, கடைக்காரரிடம் தவணை பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு ஒரு நிறுவனத்தில் உதவித் திட்ட மேலாளர் வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணினார். "எனக்கு அனுபவச் சான்றிதழே இல்லையே, ஆறு வருஷம் வீட்டில் சும்மா இருந்ததாகத்தானே நினைப்பார்கள்?" என்று அவர் கலங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கைப்பேசியில் "எனக்கு ஒரு தன்விவரக் குறிப்பு எழுதிக் கொடு" என்று கேட்டபோது, ஐம்பது பேர் கொண்ட குழுவை நடத்தியதாகவும் உற்பத்தியை நாற்பது விழுக்காடு உயர்த்தியதாகவும் அது அழகாக எழுதித் தந்தது. ஐம்பதும் நாற்பதும் எங்கிருந்து வந்தன? அவர் சொல்லவே இல்லை! அக்கா அதை அப்படியே அழித்துவிட்டு, ஆறு ஆண்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார். வேலை விளம்பரத்தை அதற்குக் கொடுத்து, "எழுதுவதற்கு முன் என்னிடம் பத்துக் கேள்விகள் கேள். நான் சொல்லாத எண்ணையோ செய்தியையோ சேர்க்காதே" என்று கட்டளையிட்டார். இம்முறை அது, எத்தனை தறி, எத்தனை பேர், எப்போது தாமதம் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டது. அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்து விடை சொன்னார்.

இறுதியில் வந்த வரி இது: "எட்டுத் தறிகளின் நூல் கொள்முதல், கூலிக் கணக்கு, ஒப்படைப்புத் தேதிகள் ஆகியவற்றை ஆறு ஆண்டுகள் நிர்வகித்தேன். மழைக்காலத் தாமதத்தைத் தவிர்க்க, சாயமிடும் வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கும்படி அட்டவணையை மாற்றினேன்." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முதல் இரண்டு நிறுவனங்களிடமிருந்து பதில் வரவில்லை. மூன்றாவது நிறுவனம் அழைத்தது. நேர்முகத் தேர்வில் அரைமணி நேரம் கேட்டதெல்லாம் அந்த மழைக்கால அட்டவணையைப் பற்றித்தானாம். நடந்ததை எழுதியவருக்கு விடை சொல்வதில் என்ன தடுமாற்றம்? இன்று அவர் அங்கே பணிபுரிகிறார்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதலில் நோட்டு, பிறகு கைப்பேசி. நம் செய்திகளை நாமே எழுதி வைத்துக்கொண்ட பின்பே இயந்திரத்திடம் செல்ல வேண்டும்.

2. ஆதார் எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி ஆகியவற்றை அதற்குத் தரலாகாது. பெயரையும் தொலைபேசி எண்ணையும் கடைசியில் நம் கையால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய நிறுவனத்தின் இரகசியங்களையும் சொல்லக் கூடாது.

3. அது எழுதித் தந்ததை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாம் பேசாத சொற்களும் நமக்கு விளக்கத் தெரியாத சொற்களும் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

4. அதையே தேர்வாளராக இருக்கச் சொல்லி நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி பெறலாம். கூச்சம் உள்ளவர்களுக்கு இது பேருதவி.

5. விவரம் அறிந்த ஒருவரிடம் கடைசியாகக் காட்டித் திருத்தம் பெற வேண்டும்.

நம் வயதினருக்கு ஒரு சொல். சாட்ஜிபிடியை 13 வயது நிரம்பாதவர் பயன்படுத்தலாகாது. 18 வயது வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது அதன் விதி.

முடிவுரை

அன்புத் தோழியரே! நம் இல்லங்களில் தறியையும் கடையையும் வரவு செலவையும் ஆண்டாண்டாக நடத்திவரும் தாய்மார்கள் எத்தனையோ பேர். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "சும்மாதான் இருக்கிறேன்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எழுதாத கணக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே ஒரு நோட்டை இன்றே தொடங்குவோம். பள்ளி விழாவுக்கு மேடை அமைத்தது, கண்காட்சிக்குப் பணம் சேர்த்துக் கணக்கு ஒப்படைத்தது, வகுப்புத் தோழிகளை ஒன்றுசேர்த்து நாடகம் போட்டது ஆகிய அனைத்தையும் நாளும் எண்ணும் குறித்து வைப்போம். இன்று மாலையே நம் அம்மாவின் அருகில் அமர்ந்து, அவர் செய்யும் வேலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். அந்தத் தாள் இரண்டு பக்கத்தில் அடங்காது என்பது மட்டும் உறுதி.