‘எதிர்ப்புச் சக்தி கம்மி’ என்று டானிக் வாங்கும் முன்

குழந்தைக்கு அடிக்கடி சளி, நிமோனியா. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு நாறுகிறது. ‘எதிர்ப்புச் சக்தி கம்மி’ என்று டானிக்கும் லேகியமும் கொடுத்துப் பார்க்கிறோம். காசநோய் என்று தவறாக எண்ணி மருந்து தொடங்கப்படுவதும் உண்டு. ஆனால் இவை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அந்நோயுள்ள குழந்தையின் நுரையீரலிலோ நிலைமை நேர்மாறு. எதிர்ப்பு அணுக்கள் அங்கே அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும்.

இந்த நோயில் உப்பைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதம் பழுதாவதால் மூச்சுக்குழாய்ச் சளி கெட்டியாகிறது. கிருமியைக் கொல்ல வரும் நியூட்ரோஃபில் அணுக்கள் அதில் சிக்கி, எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது மூச்சுக்குழாயின் சுவரையே அரிக்கிறது. செத்த அணுக்களின் டிஎன்ஏ சளியை இன்னும் இறுக்குகிறது.

இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதுதான் கவலைக்குரியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூன்று மாதக் குழந்தைகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தார்கள். அதில் எலாஸ்டேஸ் இருந்த குழந்தைகளுக்கு, மூன்று வயதுக்குள் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் ஆபத்து கூடுதல் என்று 2013இல் அறிவித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் குதிகால் ரத்தத்தில் இந்நோய்க்கான பரிசோதனை நடக்கிறது. இந்தியாவில் நாடு தழுவிய அப்படியொரு திட்டம் இல்லை. நாமேதான் கேட்க வேண்டும்.

வியர்வைப் பரிசோதனை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஊசி குத்துவதில்லை, கையில் மருந்து வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, ஊறும் வியர்வையைச் சேகரிப்பார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்; மரபணுப் பரிசோதனை உறுதிப்படுத்தும். எல்லா ஊரிலும் வசதி இல்லை என்பதால், பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் நெற்றி உப்புக் கரித்தாலோ, வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். வெயில் காலத்தில் இந்த உப்பிழப்பே வாந்தி, சோர்வு என்று உயிருக்கு ஆபத்தாகலாம்.

எதிர்ப்பு அணுக்கள்தானே கெடுக்கின்றன என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடராதீர்கள்; நீண்டநாள் கொடுத்தால் வளர்ச்சி குன்றும். தினசரி நெஞ்சுப் பிசியோதெரபி, சளியிலுள்ள டிஎன்ஏவை வெட்டும் டோர்னேஸ் நெபுலைசர், தொற்றுக்கு உடனடி ஆன்டிபயாடிக், செரிமானத்துக்குக் கணைய நொதி மாத்திரை ஆகியவையே அடிப்படை. புரதக் கோளாறையே சரிசெய்யும் கூட்டு மருந்து 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது பலிக்காது. விலையும் சாமானியக் குடும்பத்துக்கு எட்டாதது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில் இந்நோய்க்கும் இடமுண்டு. அதற்கான சிறப்பு மையத்தில் குழந்தையைப் பதியக் கேளுங்கள்.

நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.