நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் சம கூலியும் வருவாய் வேறுபாடும்

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1042 பெண்கள் உள்ளனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளருள்ளும் பெண்களே மிகுதி. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திற்குப் பின்னும் ஆண், பெண் வருவாய் வேறுபடுமாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிலாளர் பின்னணி

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்வழித் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலையளிக்க 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அம்மக்கள் விட்டுவந்த இலங்கைத் தோட்டங்களில் 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணினும் குறைவாகவே இருந்தது.

கூலியும் வருவாயும்

கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்கள் பணி. கவாத்து, மருந்து தெளித்தல், மேற்பார்வை ஆகியன பெரும்பாலும் ஆண்கள் பணி. நாட்கூலி ஒன்றேயாயினும் பணிநேரம் ஒன்றன்று. கவாத்தில் குறித்த அளவு செடிகளை முடித்தவர் முன்னதாகவே வீடு திரும்பலாம். பறிப்பவரோ மாலையில் கொழுந்து எடை போடும்வரை காத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரே கூலிக்கு ஒருவர் 5 மணி நேரமும் மற்றவர் 8 மணி நேரமும் உழைப்பின், பின்னவரின் மணிக்கூலி முன்னவருடையதில் 62.5 விழுக்காடே ஆகும். கூடுதல் கிலோவுக்குரிய ஊக்கத்தொகை இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கும்; எனினும் உறைபனிக் காலத்தில் கொழுந்து குன்ற, அத்தொகையும் குன்றும். மேற்பார்வையாளரின் மாத ஊதியத்திற்கு அவ்வேற்றத்தாழ்வு இல்லை.

முடிவுரை

நாட்கூலிப் பதிவேட்டை மட்டும் நோக்குவார்க்கு வேறுபாடு புலப்படாது. மணிக்கூலி, ஆண்டு வருவாய், பணிப்பிரிவு ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிடும்போதே சமமின்மை வெளிப்படும். சட்டம் கூலியைச் சமமாக்கியது; பணிப்பகுப்பு வருவாயைச் சமமாக்கவில்லை.