கடற்கரையைக் கொண்டுபோனது யார்?

புதுவைக் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்க வரும் முதியவர்களைக் கேட்டால், இளமையில் தாங்கள் ஓடி விளையாடிய மணற்பரப்பைப் பற்றிச் சொல்வார்கள். அம்மணலில் பெரும்பகுதி இன்று இல்லை; கருங்கற் குவியலே இருக்கிறது. காரணம் கேட்டால், “கடல் கொண்டது, கபாடபுரத்தையும் பூம்புகாரையும் கொள்ளவில்லையா?” என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்தச் சமாதானம் நமக்குச் சம்மதமில்லை. கடலின்மீது சுமத்தப்படும் இப்பழியைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

கரைகள் நிலையானவை அல்ல என்பது மெய்யே. பூமியின் மேலோடு ஒரே பாளமன்று. பெருந்தட்டுகள் பலவாகப் பிளவுண்டு, மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. சுமார் 13 கோடி வருஷங்களுக்கு முன்பு நமது நாடும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த இடத்தில் வெடிப்பு உண்டாயிற்று. அவ்வெடிப்பில் கடல் புகுந்தது. அதன் ஓரமே நமது கிழக்குக் கரை. பின்னர் மேற்கே மடகாஸ்கரும் பிரிந்து சென்றது. மேற்கு விளிம்பு உயர்ந்தும், தென்னாடு கிழக்கே சரிந்தும் நிற்கின்றன. காவிரியும் தென்பெண்ணையும் கிழக்கு நோக்கி ஓடிவருவதற்கு இச்சரிவே காரணம்.

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் புதுவைக்கு வடமேற்கே உள்ள வழுதாவூரை நினைக்கட்டும். அப்பகுதிப் பாறைகளில் சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கடற்பிராணிகளின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று உழவன் ஏர் நடத்தும் இடத்தில் அன்று கடல் இருந்தது!

தட்டுகளின் ஓட்டம் இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவுக்கு அப்பால், நமது நாட்டைச் சுமக்கும் தட்டு அண்டைத் தட்டின் அடியில் புகும் இடத்தில், சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்தது. சில மணி நேரத்தில் பேரலை நமது கரையை அடைந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கல்லணை புதுவை நகரைப் பெரிதும் காத்தது. காரைக்காலிலோ நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். இது இயற்கை செய்தது. இதற்கு எந்த மனிதனையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது.

ஆனால் புதுவை மணல் போனது இவ்வகையைச் சேர்ந்ததா? இல்லை என்பதே நமது தீர்மானம். கரையைக் கோடு போட்டது தட்டு. அதில் மணலைப் பரப்பியது ஆறும் அலையும். ஆறுகள் கொணரும் மணலைத் தென்மேற்குக் காற்றுக் காலத்து அலைகள் வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. வருஷக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பின. அவை இந்த மணல் யாத்திரையை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கரை தேய்ந்தது. தெற்கே தேங்குவதை எடுத்து வடக்கே சேர்க்க வேண்டும் என்பது அறியாத இரகசியமன்று. ஆயினும் அது முறையாக நடைபெறவில்லை. கோடிக்கணக்கான வருஷங்களில் இயற்கை அமைத்த ஒழுங்கை ஒரு தலைமுறைக்குள் குலைத்துவிட்டோம்.

நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது, அரிப்பு வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய தமிழ்நாட்டு மீனவர் கிராமங்களில் வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடமில்லாமற் போயிற்று. அந்நியர் வகுத்த எல்லைக் கோடு 1954-ல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் நிர்வாகத்தில் நிற்கிறது. அக்கோட்டை அலை அறியுமா? ஒரு சர்க்கார் சுவர் கட்ட, மற்றொரு சர்க்காரின் பிரஜை வீடு இழப்பது எந்த நியாயம்?

பரிகாரம் இல்லாமலில்லை. 2018-ஐ ஒட்டித் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் நகருக்கு எதிரே நீரடியில் ஓர் ஆப்பு வடிவத் திட்டு அமைத்த பின், ஒரு பகுதியில் மணல் திரும்பியதை ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். வழிவிட்டால் மணல் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆகவே இரண்டு சர்க்கார்களும் ஒரே கரையாக எண்ணி, ஒரே திட்டம் வகுத்து, மறிக்கப்பட்ட மணலை ஆண்டுதோறும் வடக்கே சேர்ப்பிக்க வேண்டும். வடக்கேயுள்ள மீனவரைக் கேளாமல் இனி ஒரு கல்லும் கடலில் விழலாகாது.

தட்டுகளின் ஓட்டத்தை நிறுத்த நம்மால் இயலாது. நாம் கட்டிய சுவரின் தீங்கை நாமே நீக்கலாம். அதைச் செய்யாமல் கடலைப் பழிப்பது கோழைத்தனம்.