திண்டும் குண்டூசியும் பாபினும்

கடையில் லேஸ் என்று விற்கப்படும் துணிக்கரைகள் எல்லாம் ஒரே விதமாகச் செய்யப்பட்டவை அல்ல. கொக்கி ஊசியால் ஒற்றை நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் போவது குரோஷே. ஆந்திரத்தின் நரசாப்பூர் லேஸ் அந்த வகை. தையல் ஊசியால் நூலை வளைத்து வளைத்துத் தைப்பது ஊசி லேஸ்; வெனிஸ் நகரம் அதற்குப் பேர்போனது. பாபின் லேஸ் இவை இரண்டிலும் சேராது. பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு, முடிச்சே இல்லாமல் வலையாகப் பின்னுவது இது. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸிலும் உருவானது. யார் முதலில் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1561இல் சூரிச் நகரில் அச்சான ஒரு மாதிரிப் புத்தகம், இந்த வேலை சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் வணிகர்கள் வழியாக அங்கே வந்தது என்கிறது.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். வைக்கோலோ உமியோ இறுக அடைத்த திண்டு ஒன்று; குத்திய குண்டூசி அசையாமல் நிற்கும் அளவுக்கு அது கெட்டியாக இருக்க வேண்டும். அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை. பழைய நாளில் தோல்தாள். பிறகு மரத்திலோ எலும்பிலோ கடைந்த விரல் நீளக் குச்சிகள். இவைதான் பாபின்கள். ஒரே நூலின் இரு முனைகளும் இரண்டு பாபின்களில் சுற்றப்படுவதால் கணக்கு எப்போதும் ஜோடியில்தான். குறுகிய கரைக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி போதும். அகலமான வேலைக்கு நூற்றுக்கணக்கான பாபின்கள் திண்டின்மேல் விசிறிபோல் பரந்து கிடக்கும்.

இத்தனை பாபின்கள் கிடந்தாலும் கை ஒரு நேரத்தில் ஆள்வது நான்கைத்தான். அசைவுகளும் இரண்டுதான். இடமிருந்து எண்ணினால் இரண்டாவதை மூன்றாவதன் மேலாகத் தாண்டிப் போடுவது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததன் மேல் போடுவது முறுக்கு. நூலுக்கென்று நிரந்தர எண் கிடையாது. இடம் மாறியதும் எண்ணும் மாறிவிடும். குறுக்கு, முறுக்கு என்று நிறுத்தினால் சாய்ந்த இழைகளோடு காற்றோட்டமான அரைத்தையல். குறுக்கு, முறுக்கு, மறுபடி குறுக்கு என்றால் நெய்த துணிபோல் அடர்ந்த முழுத்தையல். பூவின் நெருக்கமும் பின்புல வலையின் மெல்லிய தன்மையும் இந்த இரண்டின் கலப்பில் பிறப்பவையே.

குண்டூசிக்கு இங்கே தைக்கிற வேலை இல்லை. நூலைத் தன் இடத்தில் நிறுத்தி வைக்கிற வேலை. கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைவதுபோல நூல் ஊசியைச் சுற்றித் திரும்புகிறது. தொங்கும் பாபினின் எடை நூலைத் தளராமல் இழுத்துப் பிடிக்கிறது. பின்னல் முன்னேற முன்னேறப் பின்னால் உள்ள ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்திக்கொண்டே போக வேண்டும். இழுவை ஒரு சீராக இல்லாவிட்டால் ஊசியை எடுத்த பிறகுதான் குறை தெரியும். கற்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வேலைமுறையிலும் இரண்டு மரபுகள் உண்டு. டார்ஷான், மெக்லின், பக்கிங்ஹாம்ஷயர் லேஸ்களில் பூவும் வலையும் ஒரே ஓட்டத்தில் பின்னப்படும். பிரஸ்ஸல்ஸிலும் இங்கிலாந்தின் ஹானிட்டனிலும் பூவையும் இலையையும் தனித்தனியே செய்து பிறகு இணைப்பார்கள். இணைக்கும்போது பாபினைச் சிறு கண்ணி வழியாக நுழைக்க வேண்டியிருப்பதால் ஹானிட்டன் பாபின் மெலிந்து கூர்மையாக இருக்கும். கிழக்கு மிட்லண்ட்ஸ் பாபினிலோ எடைக்காகக் கண்ணாடி மணிகள் கோத்த வளையம் தொங்கும். அந்தப் பாபின்களில் அன்புக்குரியவர் பெயர் பொறிப்பார்கள்; பொதுவில் நடந்த தூக்குத் தண்டனையின் நினைவைக்கூடப் பொறித்திருக்கிறார்கள்!

கை அசைவு எல்லோருக்கும் பொது. வடிவம் முழுக்கப் புள்ளி அட்டையில் இருக்கிறது. அந்த அட்டை அன்று பெரும்பாலும் வியாபாரியின் சொத்து. நூலையும் அட்டையையும் அவரே கொடுத்து, முடிந்த லேஸை அவரே விலை வைத்து வாங்கினார். கூலியைக் காசாகத் தராமல் கடைச் சாமானாகத் தள்ளிவிடும் வழக்கமும் பரவியிருந்தது. இதைத் தடுக்க 1779இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் ஐந்தாறு வயதிலேயே குழந்தைகள் லேஸ் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். பள்ளி என்று பெயரே தவிர, பெரும்பாலும் அது ஒரு குடிசையின் நெரிசலான அறை. குத்தும் ஊசிகளை எண்ணிக்கொண்டே பாடும் பாட்டுகள் வேகத்தைக் கூட்டின. இரவில் மெழுகுவத்தி ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை நிறுத்துவார்கள். குடுவை ஒளியைக் குவித்துத் திண்டின்மேல் பாய்ச்சும். புகை பட்டால் லேஸ் கறுத்துவிடும் என்று அடுப்பு மூட்டாமல், சூடான சாம்பல் நிரப்பிய சட்டியைக் காலடியில் வைத்துக் குளிர் காய்ந்தார்கள். நவம்பர் 25, புனித கத்தரீனாள் நாள், அவர்களுக்கு ஓய்வும் விருந்துமாகக் கழியும். 1867இன் பட்டறைச் சட்டமும் 1870இன் கல்விச் சட்டமும் இந்தப் பள்ளிகளுக்கு முடிவு கட்டின.

அதற்கு வெகு முன்பே இயந்திரம் வந்துவிட்டது. ஜான் ஹீத்கோட் 1808–09இல் காப்புரிமை பெற்ற பொறி, பாபின் வலையை அப்படியே பின்னித் தள்ளியது. 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலையை இயந்திரங்களை எதிர்த்த லட்டைட்டுகள் உடைத்தார்கள்; அவர் டெவனுக்கு இடம்பெயர்ந்தார். 1840இல் விக்டோரியா மகாராணி தன் திருமண உடைக்கு டெவனில் கையால் பின்னிய லேஸையே தேர்ந்தெடுத்தது, நலிந்த கைத்தொழிலுக்குக் கை கொடுக்கத்தான். ஆனாலும் சரிவு நிற்கவில்லை.

அதே காலத்தில் இந்தக் கலை தென் திருவிதாங்கூரில் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் இதைக் கற்பித்தார். அப்பகுதியில் இதற்கு ரேந்தை என்று பெயர். அடிமைமுறை 1855 வரை சட்டப்படி நீடித்த நாடு அது. லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துச் சில அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்த வேலையும் கூடவே போனது. இலங்கையின் காலி, வெலிகம பக்கத்துச் சிங்களப் பெண்களிடம் இது பீரலு என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

ஸ்லோவேனியாவின் இட்ரியா பாதரசச் சுரங்க ஊர். சுரங்கக் கூலி போதாத வீடுகளில் மனைவியரும் மகள்களும் லேஸ் பின்னிக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அங்கே 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றுவரை நடக்கிறது. இட்ரியா பாணியில் சில ஜோடிகள் மட்டும் கொண்டு குறுகிய நாடா ஒன்று வளைந்து நெளிந்து ஓடும். அது தன்னையே தொடும் இடங்களில் சிறு கொக்கியால் இணைத்துவிடுவார்கள். சுரங்கம் மூடப்பட்டும் லேஸ் நிற்கவில்லை. 2018இல் ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

இன்று ஐரோப்பாவில் திண்டை மடியில் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது வயிற்றுப்பாடு அல்ல, விருப்பம். 1976இல் பிரிட்டனில் லேஸ் கில்ட் என்ற சங்கம் அமைந்தது. 1980களிலிருந்து ஓய்ட்ஃபா என்னும் பன்னாட்டு அமைப்பும் இயங்குகிறது. வியாபாரி பூட்டி வைத்த அட்டைகள் இப்போது வகுப்புகளிலும் கூட்டங்களிலும் கைமாறுகின்றன. அருங்காட்சியகத்தில் உள்ள பழைய துண்டுகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, தொலைந்துபோன புள்ளி வரைபடங்களை மறுபடி வரைகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். லினன் நூலுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியைப் பாபினில் சுற்றி நகை பின்னுகிறவர்களும் உண்டு.